நரம்புத் தளர்ச்சியா, ரத்த ஓட்டமா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது சில வரிகள்தான். வயது 46. ஆறு வருடமாகச் சுகருக்கு மாத்திரை. சிகரெட்டை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. ஏழெட்டு மாதமாக விறைப்பு முழுதாக வருவதில்லை, வந்தாலும் பாதியில் தளர்ந்துவிடுகிறது. நண்பர் ஒருவர் 'ரத்த ஓட்டம் கம்மியாயிடுச்சு' என்கிறார், மருந்துக் கடைக்காரர் 'நரம்புத் தளர்ச்சி' என்கிறார். ரத்த ஓட்டத்தைக் கூட்ட என்ன சாப்பிடலாம் என்று கேட்கிறார். கடைசியில் போகிற போக்கில் இன்னொரு வரி: 'எங்கப்பா 54 வயதில் மாரடைப்பில் போனார், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?' எனக்கு அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. என்ன சாப்பிடலாம் என்பதற்குப் பிறகு வருகிறேன். அப்பாவைப் பற்றிய கேள்விக்குப் பதில்: சம்பந்தம் இருக்கலாம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நான் பொது மருத்துவர். இருபத்திரண்டு வருடமாக ஒரே ஊரில் கிளினிக். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் சுகர், பிரஷர்காரர்கள். சிறுநீர்ப் பாதை, ஆணுறுப்பு நோய்களுக்கான நிபுணரான யூராலஜிஸ்ட் அல்ல, அறுவை சிகிச்சை என்று வந்தால் வேறு ஆளிடம்தான் அனுப்புவேன். ஆளை நேரில் பார்க்காமல், நாடி பிடிக்காமல், ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்க்காமல் 'உங்களுக்கு இதுதான்' என்று சொல்ல யாராலும் முடியாது. எது உறுதியாகத் தெரிந்தது, எதில் மருத்துவர்களுக்குள்ளேயே இன்னும் ஒரு முடிவு இல்லை என்பதைப் பிரித்துச் சொல்ல முடியும். அதைச் செய்கிறேன்.

முதலில் இந்த 'நரம்பு' என்ற வார்த்தை. புறங்கையில் நீலமாகத் தெரிவதை நாம் நரம்பு என்கிறோம். அது ரத்தம் ஓடும் சிரை. ஊசி போட வரும் நர்ஸ் 'நரம்பு கிடைக்கலை' என்றால் அவர் தேடுவதும் சிரையைத்தான். மூளையிலிருந்து உத்தரவு கொண்டுபோகும் கம்பி போன்றதற்கும் நம் பேச்சில் நரம்பு என்றுதான் பெயர். இரண்டும் வேறு வேறு. இந்தக் குழப்பத்தில் குளிர்காய்கிற ஒரு பெரிய வியாபாரம் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டு சுவரில் 'நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக்குறைவு, மாதம் ஒருமுறை இந்த லாட்ஜில் சந்திக்கலாம்' என்று ஒட்டியிருப்பார்களே, அதில் எந்த நரம்பு என்று யாரும் கேட்பதில்லை. நரம்புத் தளர்ச்சி என்ற பெயரில் தனி நோய் எதுவும் மருத்துவத்தில் கிடையாது. விறைப்பில் நரம்புக்கு வேலை உண்டு. உத்தரவு கொண்டுவருவது அது. உத்தரவை நிறைவேற்றுவது ரத்தக் குழாய்.

அது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடலாம், மற்ற எல்லாமே இதில்தான் நிற்கிறது. ஆணுறுப்புக்குள் நீளவாட்டில் பஞ்சு மாதிரி இரண்டு குழல்கள் இருக்கின்றன. பஞ்சின் ஒவ்வொரு கண்ணறையைச் சுற்றியும், உள்ளே ரத்தம் கொண்டுவரும் குழாயான தமனியின் சுவரிலும் மென்தசை இருக்கிறது. சாதாரண நேரத்தில் அந்தத் தசை இறுகிக் கிடக்கும், உள்ளே ரத்தம் கொஞ்சம்தான் வரும். கிளர்ச்சி ஏற்பட்டால் முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து வரும் நரம்புகள் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவைத் துளித்துளியாக விடுகின்றன. தசை தளர்கிறது, தமனி விரிகிறது, ரத்தம் பாய்ந்து பஞ்சு நிறைகிறது. நிறைந்த பஞ்சு வெளியே இருக்கும் தடித்த உறையை உள்ளிருந்து நெருக்க, ரத்தத்தை வெளியேற்றும் சிறு சிரைகள் இடையில் நசுங்கி அடைபடுகின்றன. வயலுக்கு மடை திறந்து, தண்ணீர் நிறைந்ததும் அந்தத் தண்ணீரே வடிகாலை அடைத்துக்கொண்டால் எப்படி, அப்படி. மடை சரியாகத் திறக்காவிட்டால் வயல் நிறையாது. வயல் நிறையாவிட்டால் வடிகாலும் அடைபடாது, வந்த தண்ணீரும் போய்விடும். 'வருகிறது, பாதியில் தளர்கிறது' என்று நீங்கள் எழுதியிருப்பது பெரும்பாலும் இந்தக் கதைதான்.

இதில் ஒரு வேடிக்கை கவனித்தீர்களா? உள்ளே தசை தளர்ந்தால்தான் உறுப்பு விறைக்கும். 'தளர்ச்சி' என்று பயமுறுத்துகிறார்களே, தளர்ச்சிதான் வேண்டும். அந்தத் தசையை இறுக்கிப் பிடிப்பது பயமும் பதற்றமும் வந்தால் சுரக்கும் அட்ரினலினும் அதன் கூட்டாளிகளும். இன்றைக்காவது சரியாக வருமா என்று ஒருவர் கவலைப்பட ஆரம்பித்த நொடியில் மடை மூடத் தொடங்கும். அதனால் 'இது மனசா, உடம்பா' என்று நடுவில் சுவர் கட்டிக் கேட்பதில் அர்த்தம் குறைவு. மனசும் ரத்தக் குழாய் வழியாகத்தான் வேலை செய்கிறது. குழாயில் முப்பது சதவீதக் கோளாறு, இரண்டு முறை சரியாக வரவில்லை, அந்தப் பயம் மிச்சத்தைச் செய்துவிடுகிறது. நான் பார்க்கிறவர்களில் இந்தக் கலவைதான் அதிகம்.

ஒரு காலத்தில் இதை முக்கால்வாசி மனசுதான் என்று மருத்துவர்களே நம்பினார்கள். 1983இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் யூராலஜிஸ்டுகள் மாநாடு. ஜைல்ஸ் பிரிண்ட்லி என்ற பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் பேச வந்தார். ரத்தக் குழாயைத் தளர்த்தும் மருந்தை ஹோட்டல் அறையிலேயே தனக்குத்தானே உறுப்பில் ஊசியாகப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மேடையில் நின்று, பேச்சு கேட்டு யாருக்கும் கிளர்ச்சி வராது அல்லவா என்று சொல்லிவிட்டு, கால்சட்டையை இறக்கிச் சபைக்கே காட்டிவிட்டார். இன்றைக்கு யாராவது செய்தால் மறுநாளே வேலை போய்விடும். ஆனால் ஆசை, மனசு எதுவும் இல்லாமல் தசையைத் தளர்த்தினாலே விறைப்பு வரும் என்பதற்கு அதைவிட நேரடியான நிரூபணம் வேண்டியதில்லை.

அப்புறம் நைட்ரிக் ஆக்ஸைடு. இதை நரம்பு மட்டும் விடுவதில்லை, ரத்தக் குழாயின் உள்தோலும் சுரக்கிறது. பாய்ந்து வரும் ரத்தம் உரசும்போது உள்தோல் இதைத் தொடர்ந்து விட்டு, விறைப்பை நிலைநிறுத்துகிறது. உள்தோல் என்பது எல்லாக் குழாய்க்கும் உட்புறம் ஒட்டியிருக்கும் ஒற்றை அடுக்கு செல்கள். இதயத்துக்குப் போகும் குழாயிலும் அதே உள்தோல், அதே நைட்ரிக் ஆக்ஸைடு. இந்த வாயு உடம்பில் சேதி சொல்லும் வேலை செய்கிறது என்று கண்டதற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் 1998இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அதே வருடம் மார்ச்சில்தான் சில்டெனாஃபில், அதாவது வயாக்ரா, அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த மாத்திரையே முதலில் நெஞ்சுவலிக்காக ஆராயப்பட்டதுதான். நெஞ்சுவலிக்கு எதிர்பார்த்த பலன் வரவில்லை, சோதனைக்கு வந்த ஆண்கள் வேறு ஒரு பலனைச் சொன்னார்கள். இதய மருந்து தேடப் போய் விறைப்புக்கு மருந்து கிடைத்தது என்பதை நான் தற்செயலாக மட்டும் பார்ப்பதில்லை. இரண்டும் ஒரே குழாய் வியாதி.

சுகர், உயர் ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, புகை நாலும் முதலில் கெடுப்பது இந்த உள்தோலை. உடம்பு முழுக்க ஒரே சமயத்தில் கெடுக்கிறது. அப்படியானால் ஏன் கீழே முதலில் தெரிகிறது? இத்தாலிய மருத்துவர்கள் சிலர் சொன்ன விளக்கம் எளிமையானது: குழாயின் அளவு. ஆணுறுப்பின் உள்ளே ஓடும் தமனி 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலம். இதயத் தமனி 3 முதல் 4. கழுத்தில் மூளைக்குப் போகும் பெரிய தமனி 5 முதல் 7. எல்லாக் குழாயிலும் ஒரே அளவு பாசி படிந்தால் சின்னக் குழாய்தான் முதலில் திணறும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் முழு உண்மை அல்ல. விறைப்புக் கோளாறு உள்ள எல்லோருக்கும் அந்தச் சின்னக் குழாயில் கொழுப்புப் படிவு இருப்பதில்லை, பலருக்கு உள்தோல் நைட்ரிக் ஆக்ஸைடு சுரக்கத் திணறுவதே போதுமானதாக இருக்கிறது. விளக்கத்தில்தான் சந்தேகம், விஷயத்தில் இல்லை. இதய நோய் வந்த ஆண்களைத் திரும்பிப் பார்த்தால் பலருக்கு நெஞ்சுவலிக்கு இரண்டு முதல் ஐந்து வருடம் முன்பே விறைப்பில் கோளாறு தொடங்கியிருக்கிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிரிட்டனில் அடுத்த பத்து வருடத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பைக் கணக்கிட மருத்துவர்கள் பயன்படுத்தும் கியூரிஸ்க்-3 என்ற கணக்கில், 2017 முதல் ஆண்களுக்கு 'விறைப்புக் கோளாறு உண்டா' என்பதும் ஒரு கேள்வி.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே ஆஞ்சியோ செய்யப் போகவேண்டாம். விறைப்புக் கோளாறு இருக்கிற எல்லோருக்கும் இதயத்தில் அடைப்பு இருக்காது, பெரும்பாலோருக்கு இருக்காது. எழுபது வயதில் வரும் கோளாறைவிட நாற்பதுகளில் வரும் கோளாறு இதயத்தைப் பற்றி அதிகம் சொல்கிறது. உங்கள் விஷயத்தில் சுகர் இருக்கிறது, பழைய புகை இருக்கிறது, அப்பாவுக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருக்கிறது. அப்பாவுக்கோ கூடப்பிறந்த ஆணுக்கோ 55க்குள் வந்திருந்தால் அதைத் தனியாக ஒரு ஆபத்துக் காரணியாகவே நாங்கள் எழுதிக்கொள்வோம். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த வயதின் நடு அளவு 53 (பாதிப் பேருக்கு அதற்குள்ளேயே), மற்ற நாட்டவருக்கு அது கிட்டத்தட்ட 59. நம்மவர்களுக்கு 46 என்பது 'இன்னும் நேரம் இருக்கிறது' என்று தள்ளிப்போடும் வயது அல்ல.

ஒருவரைச் சொல்கிறேன். மளிகைக் கடைக்காரர், ஐம்பதுக்கு ஒன்று குறைவு. சுகர் பார்க்க மனைவியோடு வருவார். ஒருநாள் சீட்டு எழுதி முடித்ததும் மனைவியிடம் 'நீ போய் மாத்திரை வாங்கு, நான் வந்துடறேன்' என்று அனுப்பிவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, 'சார், அந்த மாத்திரை எழுதிக் கொடுங்க, பேரெல்லாம் எனக்கே தெரியும்' என்றார். ஆரம்ப வருடங்களில் நானாகவே எழுதிக் கொடுத்து அனுப்பியிருப்பேன். எனக்கும் அந்தப் பேச்சைச் சீக்கிரம் முடித்துவிடத் தோன்றும். அன்றைக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டேன். 'நம்ம வீட்டுல மாடியே இல்லையே சார்.' அரிசிச் சிப்பம் யார் தூக்குவது? 'முன்னெல்லாம் நான்தான். இப்ப ரெண்டு மாசமா பையன் தூக்கறான்.' ஏன்? 'தூக்கினா இங்க ஒரு மாதிரி பிடிக்குது, வாயு சார், சோடா குடிச்சா விட்டுடும்.' சட்டையைக் கழற்றச் சொன்னேன். கழற்றும்போது பையிலிருந்து ஒரு பில் புத்தகம், பேனா, பாதியாக வெட்டிய மாத்திரை அட்டை ஒன்று விழுந்தது. நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட். அவருடைய அண்ணன் இதய நோயாளி, 'நெஞ்சு பிடிச்சா இதை வெச்சுக்கோ' என்று அஞ்சு மாத்திரை வெட்டிக் கொடுத்திருக்கிறார்.

சார்பிட்ரேட் நைட்ரேட் வகை மருந்து, அதுவும் நைட்ரிக் ஆக்ஸைடு வழியாகத்தான் குழாயை விரிக்கிறது. சில்டெனாஃபில் அந்தச் சேதியை அழியவிடாமல் பிடித்துவைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் உடம்பு முழுக்கக் குழாய்கள் ஒரே நேரத்தில் விரிந்து, ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கும். உயிரே போகலாம். அவர் அன்று இரவு ஒன்றைப் போட்டு, நெஞ்சு பிடித்ததும் இன்னொன்றை நாக்கடியில் வைத்திருந்தால்? அவருடைய ஈசிஜி சாதாரணமாகத்தான் இருந்தது. டிரெட்மில்லில் நாலாவது நிமிடம் நிறுத்த வேண்டியதாயிற்று. ஆஞ்சியோவில் இரண்டு குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள். அவர் கேட்டு வந்தது வேறு, கண்டுபிடித்தது வேறு. எல்லோருக்கும் இப்படி ஆகாது. ஆனால் இப்போது இதைப் பற்றி வருகிற எல்லோரிடமும் மூன்று கேள்வி தவறாமல் கேட்கிறேன்: நடந்தாலோ சுமை தூக்கினாலோ நெஞ்சு பிடிக்கிறதா, கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்காலோ புட்டமோ வலித்து நின்றால் விடுகிறதா, பையில் என்ன மாத்திரை இருக்கிறது. நடுவில் உள்ள கேள்வி எதற்கென்றால், அடிவயிற்றில் பெருந்தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் அடைப்பு வந்தால் காலுக்கும் ஆணுறுப்புக்கும் சேர்ந்தே ரத்தம் குறையும். லெரிஷ் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் விவரித்த நோய். அதிகம் பார்ப்பதில்லை, ஆனால் தொடை இடுக்கில் நாடி தொட்டுப் பார்த்தாலே சந்தேகம் வந்துவிடும்.

இனி உங்களுக்கே வருகிறேன். சுகர் மூன்று வழியில் அடிக்கிறது: குழாயின் உள்தோலை, உத்தரவு கொண்டுவரும் நரம்பை, சிலருக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அளவை. அதனால் மருந்துக் கடைக்காரர் சொன்னதிலும் ஒரு துளி உண்மை இருக்கலாம், அவர் நினைத்த அர்த்தத்தில் இல்லாவிட்டாலும். எவ்வளவு பங்கு எது என்று எழுத்தில் பிரிக்க முடியாது. நீங்களே கவனிக்கக் கூடிய ஒரு தடயம் உண்டு. தூக்கத்தில் கனவு வரும் கட்டங்களில் ஆண்களுக்கு இரவில் மூன்று முதல் ஐந்து முறை தானாக விறைப்பு வரும், விடியற்காலையில் நாம் உணர்வது அதில் கடைசி. அது பழையபடி இருக்கிறது, தனிமையில் சரியாக இருக்கிறது, மனைவியோடு மட்டும் வரவில்லை என்றால் குழாய் ஓரளவு நன்றாக இருக்கிறது, பதற்றத்தின் பங்கு அதிகம் என்று அர்த்தம். எல்லா நேரத்திலும் மெல்ல மெல்லக் குறைந்து வந்திருந்தால் குழாய், நரம்புப் பக்கம் சந்தேகம் போகும். 1980இல் இதைச் சோதிக்கத் தபால்தலைகளைப் பட்டையாக உறுப்பைச் சுற்றி ஒட்டிக்கொண்டு தூங்கச் சொன்னார்கள், காலையில் ஓட்டை வரிசை கிழிந்திருந்தால் விறைப்பு வந்திருக்கிறது என்று கணக்கு. இப்போது யாரும் செய்வதில்லை. காலை விறைப்பும் வெறும் தடயம்தான், தூக்கம் கெட்டாலே குறையும்.

பரிசோதனை என்று பார்த்தால் அதிகம் வேண்டாம். ரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு, மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி, கொழுப்பு, சிறுநீரக வேலை, ஒரு ஈசிஜி. டெஸ்டோஸ்டிரோன் பார்ப்பதானால் காலை பதினொன்றுக்குள் ரத்தம் எடுக்க வேண்டும், குறைந்திருந்தால் இன்னொரு நாள் திரும்பப் பார்க்க வேண்டும், சாயங்காலம் எடுத்த ஒரே அளவை வைத்து ஊசி போடக் கூடாது. நெஞ்சுவலி எதுவும் இல்லாதவருக்கு டிரெட்மில் வேண்டுமா, இதயக் குழாயில் சுண்ணாம்புப் படிவு பார்க்கும் ஸ்கேன் வேண்டுமா என்பதில் ஒரே கருத்து இல்லை. என் பழக்கம், உங்களைப் போல இரண்டு மூன்று காரணிகள் சேர்ந்திருந்தால் இதய மருத்துவரிடம் ஒருமுறை அனுப்புவது. இரண்டு மாடி படியை நிற்காமல், நெஞ்சு பிடிக்காமல் ஏற முடிகிறவருக்குத் தாம்பத்யத்தால் இதயத்துக்கு ஆபத்து மிகக் குறைவு. படத்தில் காட்டுகிற மாதிரி அது ஒன்றும் மலையேற்றம் அல்ல.

ஆணுறுப்பு டாப்ளர் ஸ்கேன் பற்றி இப்போதெல்லாம் இளைஞர்கள் நிறையக் கேட்கிறார்கள். ஊசி போட்டு விறைப்பை வரவழைத்து, தமனியில் ரத்தம் பாயும் வேகத்தை அளப்பார்கள். உச்ச வேகம் நொடிக்கு 25 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் உள்ளே வரும் ரத்தம் குறைவு என்றும், இதயம் ஓய்வெடுக்கும் கட்டத்திலும் வேகம் 5க்கு மேல் நின்றால் சிரை வழியாகக் கசிகிறது என்றும் கணக்கு. ஏசி அறையில், முன்பின் தெரியாதவர் முன்னால், ஊசி குத்திக்கொண்டு படுத்திருப்பவருக்கு அட்ரினலின் எவ்வளவு இருக்கும் என்று யோசியுங்கள். மடை திறக்காமல் 'சிரைக் கசிவு' என்று ரிப்போர்ட் வந்துவிடும். 25 வயதில் அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு வருடக்கணக்காக உடைந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். சிரையைக் கட்டும் அறுவை சிகிச்சை நாளாவட்டத்தில் பலன் தருவதில்லை என்பதால் வழிகாட்டு நெறிகள் அதைப் பரிந்துரைப்பதில்லை. சின்ன வயதில் விபத்தில் இடுப்பெலும்பு உடைந்து தமனி கிழிந்தவர் போன்ற சிலருக்கே இந்த ஸ்கேன் உண்மையில் வழிகாட்டுகிறது. உங்கள் வயதில், உங்கள் கதைக்கு, முதல் படியில் தேவையில்லை.

பிரஷர் மாத்திரையால் இப்படி ஆகிறதா என்று அடுத்து கேட்பீர்கள். நீர் பிரியச் செய்யும் தயசைடு வகைக்கும், பழைய பீட்டா பிளாக்கர்களுக்கும் இந்தப் பழி உண்டு, சார்டான் வகைக்கும் நெபிவொலாலுக்கும் குறைவு. ஆனால் ஓர் ஆய்வு எப்போதும் நினைவுக்கு வரும். இதய நோயாளிகளுக்கு அட்டெனொலால் கொடுத்தார்கள். என்ன மருந்து என்றே தெரியாதவர்களில் நூற்றுக்கு மூன்று பேர்தான் விறைப்புக் கோளாறு சொன்னார்கள். பெயரோடு, 'இது விறைப்பைக் குறைக்கலாம்' என்றும் சொல்லிக் கொடுத்தவர்களில் முப்பத்தொரு பேர். ஆகவே மாத்திரையைச் சந்தேகப்பட்டால் மருத்துவரிடம் மாற்றித் தரச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் பிரஷர் ஏறும், ஏறிய பிரஷர் அதே குழாயைத்தான் கெடுக்கும்.

சரி, ரத்த ஓட்டத்தைக் கூட்ட என்ன சாப்பிடலாம்? உண்மையைச் சொன்னால், சாப்பிட்டுக் கூட்டுவதைவிட நடந்து கூட்டுவதற்குத்தான் சான்று பலமாக இருக்கிறது. நாற்பது நிமிடம், பேச்சு கொஞ்சம் திணறுகிற வேகத்தில், வாரம் நாலு நாள், ஆறு மாதம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிற அளவு இது. இத்தாலியின் நேப்பிள்ஸில் உடல் பருமனும் விறைப்புக் கோளாறும் உள்ள 110 ஆண்களை இரண்டு வருடம் பின்தொடர்ந்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். மாத்திரை இல்லாமல், உணவும் உடற்பயிற்சியும் சரிசெய்து எடை குறைத்தவர்களில் மூன்றில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட கோளாறு சரியாகிவிட்டது. அவர்களில் சுகர்காரர்கள் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், உங்களுக்கு அதே அளவு பலன் வரும் என்று எண்ண வேண்டாம். மற்ற மூன்றில் இரண்டு பேருக்கு முழுதாகச் சரியாகவில்லை என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. சிகரெட்டை விட்டது நல்ல காரியம், திரும்பத் தொடாதீர்கள். பீட்ரூட், தர்ப்பூசணி, மாதுளை, ஆர்ஜினின் பொடி இவற்றுக்கெல்லாம் சின்னச் சின்ன ஆய்வுகள் உண்டு, நம்பி இறங்குகிற அளவுக்கு இல்லை. முருங்கைக்காய்க்கு சினிமாவில் கிடைத்த பெயர் ஆராய்ச்சியில் கிடைக்கவில்லை. சுகர்காரருக்கு அது நல்ல காய், சாம்பாரில் போட்டுத் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

லேகியம், 'மூலிகை' கேப்ஸ்யூல் விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வரும். மூலிகை மட்டுமே என்று விற்கிற பலவற்றில் சில்டெனாஃபிலையோ அதன் சொந்தக்கார மருந்தையோ சத்தமில்லாமல் கலந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வருடாவருடம் கண்டுபிடித்து எச்சரிக்கிறது. 'ஒரே ராத்திரியில் வேலை செஞ்சுது சார்' என்று யாராவது சொன்னால் எனக்குத் தோன்றும் முதல் சந்தேகம் அதுதான். சார்பிட்ரேட் போடுகிறவர் அதைச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று மேலே சொன்னேன். பெரிய ஊர்களில் விளம்பரம் செய்யும் அதிர்வலைச் சிகிச்சை லேசான ரத்தக் குழாய்க் கோளாறுக்கு ஓரளவு உதவுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, எவ்வளவு நாள் நிற்கும் என்பதில் தெளிவில்லை. அமெரிக்க யூராலஜி சங்கம் 2018இல் அதை ஆய்வு நிலையில் உள்ளது என்றே வகைப்படுத்தியது. சொந்த ரத்தத்தின் பிளாஸ்மாவை ஊசியாகப் போடும் சிகிச்சை அதைவிடப் பின்தங்கிய நிலையில் இருக்கிறது. கட்டணம் மட்டும் ஆய்வு நிலையில் இல்லை.

மாத்திரைக்கு நான் எதிரி அல்ல. இதயம் பார்த்து, நைட்ரேட் இல்லை என்று உறுதி செய்த பிறகு சில்டெனாஃபில், டடாலாஃபில் இரண்டும் நல்ல மருந்துகள், மூன்றில் இரண்டு பேருக்காவது பலன் தருகின்றன, சுகர்காரர்களுக்குக் கொஞ்சம் குறைவாக. பலன் இல்லை என்று வருகிறவர்களில் பலர் பிரியாணி சாப்பிட்டுவிட்டு உடனே சில்டெனாஃபிலைப் போட்டுவிட்டு, டிவி பார்த்துக்கொண்டு காத்திருந்தவர்கள். கொழுப்புச் சாப்பாடு அதைத் தாமதமாக்கும், ஒரு மணி நேரமாவது முன்னால் போட வேண்டும், மாத்திரை ஆசையை உண்டாக்காது. உத்தரவு மேலிருந்து வந்தால்தான் அது உதவும். ஒருமுறை போட்டுப் பார்த்து விட்டுவிடாமல், சரியான அளவில், சரியான முறையில் ஆறேழு தடவையாவது பார்த்துவிட்டுத்தான் பலன் இல்லை என்று சொல்ல வேண்டும். தலைவலி, முகம் சிவப்பது, நெஞ்செரிச்சல் வரலாம். விறைப்பு நாலு மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் நின்றால் வெட்கப்படாமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். எந்த நெஞ்சுவலிக்கு ஆஸ்பத்திரி போனாலும் முதலில் 'இந்த மாத்திரை போட்டிருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரத்துக்கும், டடாலாஃபில் போட்டு 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட் கொடுக்கக் கூடாது. மனைவி பக்கத்தில் இருந்தாலும் சொல்லுங்கள். மாத்திரை பலிக்காதவர்களுக்கு வாக்குவம் பம்ப், உறுப்பில் போடும் ஊசி, கடைசியாக உள்ளே வைக்கும் இம்ப்ளான்ட் என்று வழிகள் இருக்கின்றன, அவற்றை யூராலஜிஸ்ட் விளக்கினால்தான் சரியாக இருக்கும்.

ஆகவே இந்த வாரமே உங்கள் சுகர் டாக்டரிடம் போங்கள். அவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தயங்கினால், அப்பாவின் மாரடைப்பிலிருந்து ஆரம்பியுங்கள், மிச்சத்தை அவரே கேட்பார். கேட்காவிட்டால், எழுந்து கதவுப் பக்கம் போகிற வரை தள்ளிப்போடாமல் உட்கார்ந்திருக்கும்போதே நீங்களாகச் சொல்லிவிடுங்கள். கிளம்பும்போது வீட்டில் இருக்கிற மாத்திரை அட்டை, டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், நண்பர் கொடுத்தது, மருந்துக் கடைக்காரர் சும்மா கொடுத்தது, பாதி தீர்ந்த லேகியம் உட்பட.